‘கொல்லணும்னு நினைக்கவே இல்லை, அப்புறம் எப்படிக் கொலை வழக்கு?’

வாசகி ஒருவர் நான்கு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். பெயரையும் ஊரையும் நீக்கிவிட்டுச் சுருக்கித் தருகிறேன்.

அவர்கள் குடும்பத்துக்கும் பெரியப்பா குடும்பத்துக்கும் பொதுக் கிணறு ஒன்று இருக்கிறது. தண்ணீர் முறை வைத்துப் பாய்கிறது. இவர்களுடைய முறை நாளில் பெரியப்பா மகன் மடையைத் தன் பக்கம் திருப்பிவிட்டார். அதைக் கேட்கப்போன அப்பாவை (வயது 63) வரப்பில் தள்ளிவிட்டார். தம்பிக்கு 27 வயது. அவன் மண்வெட்டிக் காம்பால் பெரியப்பா மகனின் தலையில் ஒரு அடி அடித்தான். அந்த நேரத்தில் அப்பா அவருடைய கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். மருத்துவமனையில் சேர்த்து அறுவைச் சிகிச்சையும் நடந்தது, ஆனால் ஆறாம் நாள் அவர் இறந்துவிட்டார். இரண்டாம் நாள் நினைவு இருந்தபோது போலீசிடம் வாக்குமூலம் கொடுத்திருக்கிறார். முதலில் காயப் பிரிவுகளில் இருந்த வழக்கு, மரணத்துக்குப் பிறகு கொலை வழக்காக மாறியது. தம்பியும் அப்பாவும் சிறையில் இருக்கிறார்கள், 47 நாள் ஆகிறது. “கொல்லணும்னு அவன் நினைக்கவே இல்லை. ஒரே அடி. ஆஸ்பத்திரியில ஒழுங்காப் பார்த்திருந்தா பிழைச்சிருப்பார். இது எப்படிக் கொலையாகும்? தம்பிக்குத் தூக்கா?” இதுதான் அவருடைய கேள்வி. உறவினர்கள் சொல்லும் யோசனைகள் சிலவற்றையும் எழுதியிருக்கிறார். அவற்றைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

சகோதரி,

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், அதுதான் உங்களைத் தூங்கவிடாமல் வைத்திருக்கும். கொலைக்குச் சட்டம் வைத்திருக்கும் தண்டனை இரண்டு: ஆயுள் அல்லது மரணம். மரண தண்டனை அரிதிலும் அரிதான வழக்குகளுக்கு மட்டும்தான் என்று 1980ல் பச்சன் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. நீங்கள் எழுதியிருக்கும் சம்பவம் அந்த வகையில் வராது, அந்தப் பயத்தை விடுங்கள். ஆனால் கொலை என்று தீர்ப்பானால் ஆயுளுக்குக் குறைந்து எந்த நீதிபதியாலும் கொடுக்க முடியாது. ‘ஆயுள்னா பதினாலு வருஷம்தானே’ என்று ஊரில் சொல்வதையும் நம்பாதீர்கள். ஆயுள் என்றால் ஆயுள்தான். கொலைக்காக ஆயுள் பெற்றவரை அரசு முன்கூட்டி விடுவிக்க நினைத்தாலும், அவர் 14 ஆண்டையாவது சிறையில் கழித்திருக்க வேண்டும். அந்தப் 14 அங்கிருந்து வந்தது.

அதனால் இந்த வழக்கில் உண்மையான போராட்டம், தம்பி அடித்தானா இல்லையா என்பதில் இல்லை. அந்த அடியைச் சட்டம் எந்தப் படியில் வைக்கப்போகிறது என்பதில் இருக்கிறது.

ஒரு மரணம், பல படிகள்

சம்பவம் 2024 ஜூலை 1க்குப் பிறகு நடந்திருப்பதால் உங்களுக்குப் பொருந்துவது பாரதிய நியாய சன்ஹிதா என்ற புதிய தண்டனைச் சட்டம். இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 299, 300, 302, 304 என்று வழக்கறிஞர்கள் சொல்லிப் பழகியவை இப்போது 100, 101, 103, 105. எண்கள் மாறின, உள்ளே இருக்கும் தத்துவம் கிட்டத்தட்ட அப்படியே இருக்கிறது.

பிரிவு 100 ஒரு பெரிய வட்டம். அதன் பெயர் குற்றமுறு மனிதக்கொலை. சாகடிக்கும் எண்ணத்தோடு, அல்லது சாவு நேரக்கூடிய காயத்தை உண்டாக்கும் எண்ணத்தோடு, அல்லது இதனால் சாவு நேரலாம் என்று தெரிந்தே ஒரு காரியத்தைச் செய்து மரணம் நேர்ந்தால் அது இந்த வட்டத்துக்குள் வரும். அதற்குள் சின்ன வட்டமாக இருப்பதுதான் பிரிவு 101 சொல்லும் கொலை. சின்ன வட்டத்துக்குள் விழாமல் பெரிய வட்டத்தில் நிற்பதைத்தான் நாளிதழ்கள் ‘கொலைக்குற்றம் ஆகாத மரணம்’ என்று எழுதுகின்றன. அதற்குத் தண்டனை பிரிவு 105ல் இரண்டு பகுதியாக இருக்கிறது. எண்ணத்தோடு செய்ததென்றால் ஆயுள், அல்லது 5 முதல் 10 ஆண்டு வரை. எண்ணமில்லை, சாவு நேரலாம் என்று தெரிந்து செய்தது மட்டும்தான் என்றால் 10 ஆண்டு வரை. இதில் குறைந்தபட்சம் என்று எதுவும் இல்லை. முதல் பகுதியில் உள்ள அந்த 5 ஆண்டுக் குறைந்தபட்சம் பழைய சட்டத்தில் கிடையாது, புதிதாக வந்தது. பழைய தீர்ப்புகளைக் காட்டி ‘மூணு வருஷத்துல முடிஞ்சிடும்’ என்று யாராவது சொன்னால் இதை நினைவில் வையுங்கள்.

இவற்றுக்கும் கீழே கவனக்குறைவால் மரணம், பிரிவு 106. உங்கள் மாமா ‘விபத்துன்னு மாத்திடலாம்’ என்று சொல்வது இதைத்தான். அதற்கு 5 ஆண்டு வரை தண்டனை. ஆனால் கவனக்குறைவு என்பது வண்டியைக் கண்மண் தெரியாமல் ஓட்டுவது, கிணற்றுமேட்டு மின்கம்பியை மூடாமல் விடுவது போன்றவை. ஒருவரைப் பார்த்து, ஓங்கி, தலையில் அடித்ததை எந்த நீதிமன்றமும் கவனக்குறைவு என்று சொல்லாது. அந்தக் கதவைத் தட்டி நேரத்தை வீணாக்க வேண்டாம்.

‘நினைக்கவே இல்லை’ என்பது போதுமா?

கடிதத்தில் நீங்கள் ஆறு இடத்தில் இதை எழுதியிருக்கிறீர்கள், நான் நம்புகிறேன். சட்டத்தில்தான் ஒரு சிக்கல். கொலைக்குக் கொல்லும் எண்ணம் இருந்தே தீர வேண்டும் என்று பலரும் நினைக்கிறார்கள், அது சரியல்ல.

பிரிவு 101ல் மூன்றாவதாக ஒரு வகை இருக்கிறது. அடித்தவர் அந்தக் காயத்தை உண்டாக்க நினைத்தாரா? அந்தக் காயம் இயல்பான போக்கில் மரணம் விளைவிக்கப் போதுமானதா? இரண்டுக்கும் ஆம் என்றால் அது கொலை. சாவு நேரும் என்று அவர் யோசித்தாரா என்பதை யாரும் கேட்பதில்லை. 1958ல் விர்சா சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை அழுத்தமாகச் சொன்னது. அந்த வழக்கிலும் ‘ஒரே அடி’தான்: வயிற்றில் ஒரே ஒரு ஈட்டிக் குத்து, மறுநாள் மரணம். குத்த நினைத்தது அந்த இடத்தில்தான், அது தற்செயல் என்று காட்ட எதுவும் இல்லை, காயம் சாவுக்குப் போதுமானது என்று மருத்துவர் சொல்லிவிட்டார், ஆகவே கொலை என்றது நீதிமன்றம். பிரேத பரிசோதனை அறிக்கையில் ‘இயல்பான போக்கில் மரணம் விளைவிக்கப் போதுமானது’ என்று ஒரு வரி இருப்பதாகவும் அது ஏதோ வழக்கமான வாசகம் போலத் தெரிவதாகவும் எழுதியிருந்தீர்கள். அது வழக்கமான வாசகம் இல்லை, சகோதரி. அரசுத் தரப்பின் வழக்கே அந்த ஒரு வரியில்தான் உட்கார்ந்திருக்கிறது.

எதிர்ப்பக்கமும் இருக்கிறது. 1876ல் பம்பாய் உயர் நீதிமன்றம் தீர்த்த கோவிந்தா வழக்கு இன்றும் சட்டக் கல்லூரியில் முதலில் படிப்பது. 18 வயதுக் கணவன் மனைவியைக் கீழே தள்ளி, மார்பில் முழங்காலை வைத்து, முகத்தில் முஷ்டியால் குத்தினான். மூளையில் ரத்தம் கசிந்து அவள் இறந்தாள். கொடுமைதான். ஆனால் ஆயுதம் இல்லை, வெறுங்கைக் குத்து சாதாரணமாகச் சாவுக்குப் போதுமானது என்று சொல்லிவிட முடியாது. அதனால் கொலைக்குற்றம் ஆகாத மரணம் என்று முடிந்தது. ‘சாவு நேரக்கூடும்’, ‘சாவுக்குப் போதும்’ இரண்டுக்கும் இடையில் இருக்கும் அந்த மெல்லிய இடைவெளியில்தான் ஒன்றரை நூற்றாண்டாக எங்கள் தொழில் நடந்துகொண்டிருக்கிறது.

உங்கள் கடிதத்தில் ஒரு வரி

எண்ணம் இருந்ததா என்று யாருடைய தலையையும் திறந்து பார்க்க முடியாது. சுற்றிலும் கிடப்பதைப் பார்த்துத்தான் தீர்மானிப்பார்கள். என்னவெல்லாம் பார்க்க வேண்டும் என்று 2006ல் புலிச்செர்லா நாகராஜு வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒரு நீண்ட பட்டியலே கொடுத்தது. என்ன ஆயுதம், கையோடு கொண்டுவந்ததா அங்கேயே கிடந்ததா, உடம்பில் எந்த இடத்தில் பட்டது, எவ்வளவு வேகம், ஒரு அடியா பலவா, முன்பகை உண்டா, சண்டை திடீரென்று மூண்டதா என்று அது போகிறது.

இந்தப் பட்டியலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உங்கள் கடிதத்தைத் திரும்பப் படித்தேன். மூன்றாம் பக்கத்தில், போகிற போக்கில், ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: “அப்பா விழுந்ததைப் பார்த்ததும் தம்பி வீட்டுக்குப் போயிட்டு ஓடி வந்தான்.”

எதற்காக வீட்டுக்குப் போனான்? காம்பு எங்கே இருந்தது? அதை நீங்கள் எழுதவில்லை.

காம்பு வாய்க்கால் ஓரத்தில் கிடந்து, கைக்கு அகப்பட்டதை எடுத்து அடித்தான் என்றால் அது ஒரு வழக்கு. வீட்டுக்குப் போய், மூலையில் சாத்தி வைத்திருந்த காம்பை எடுத்துக்கொண்டு திரும்பி வந்தான் என்றால் அது முற்றிலும் வேறு வழக்கு. உங்கள் வீடு வயலுக்குக் கூப்பிடு தூரத்தில்தான் இருக்கிறது என்கிறீர்கள். ஆனாலும் அந்த ஒரு நிமிடத்தை அரசு வழக்கறிஞர் நீட்டி நீட்டிக் காட்டுவார். எனக்கு இதற்குப் பதில் எழுத வேண்டாம், வேறு யாரிடமும் பேசவும் வேண்டாம். உங்கள் வழக்கறிஞரிடம் தம்பியே நேரில் சொல்லட்டும். வழக்கறிஞரிடம் சொல்வதற்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு, உங்களிடம் சொல்வதற்கு இல்லை. மனு போட்டுப் பார்க்கப்போகும்போது கம்பிக்கு அந்தப் பக்கம் இருப்பவனிடம் இதைக் கேட்டுவிடாதீர்கள், பக்கத்தில் பத்துக் காதுகள் இருக்கும்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், உங்களுக்கு இருப்பதிலேயே நல்ல வழி பிரிவு 101ன் நான்காவது விதிவிலக்கு. முன்திட்டம் இல்லாமல், திடீர்ச் சச்சரவில் மூண்ட சண்டையில், ஆத்திரத்தின் உச்சத்தில் நடந்திருக்க வேண்டும். அடித்தவர் முறைகேடான சாதகம் எடுத்திருக்கவோ, கொடூரமாக நடந்திருக்கவோ கூடாது. இவை பொருந்தினால் கொலை என்பது பிரிவு 105க்கு இறங்கும். யார் முதலில் கை நீட்டினார்கள் என்பது இந்த விதிவிலக்குக்கு முக்கியமே இல்லை என்று சட்டமே சொல்கிறது. ஆகவே ‘அவர்தான் முதல்ல தள்ளினார்’ என்பதிலேயே நின்றுவிடாதீர்கள். அது சண்டை இருதரப்பிலும் நடந்தது என்று காட்ட உதவும், அவ்வளவுதான்.

அப்பாவைக் காப்பாற்ற அடித்தான் என்று தற்காப்பு உரிமையையும் சொல்லலாம். அந்த உரிமை ஆபத்து இருக்கும் வரைதான் உயிரோடு இருக்கும். தள்ளிவிட்டுவிட்டு அவர் சும்மா நின்றிருந்தால் அது பலவீனமான வாதம். இறந்த உங்கள் அம்மாவைப் பற்றி அவர் கேவலமாகப் பேசியதாக எழுதியிருக்கிறீர்கள். அது கடுமையான, திடீர் ஆத்திரமூட்டல் என்ற முதல் விதிவிலக்குக்கு உரியது. அங்கும் இதே கேள்விதான் வரும்: கேட்டதற்கும் அடித்ததற்கும் நடுவில் ஆறுவதற்கு நேரம் இருந்ததா? மனைவியின் காதலனைச் சுட்டுக் கொன்ற கடற்படை அதிகாரி நானாவதியின் வழக்கு தோற்றது அங்கேதான்.

உறவினர்களின் யோசனைகள்

‘அவரே வழுக்கிக் கல்லில் விழுந்தார்னு சொல்லிடலாம்.’ இதுதான் எனக்கு மிகவும் பயமாக இருக்கிறது. பொய் என்பது ஒரு பக்கம் இருக்கட்டும், உங்கள் கையில் இருக்கும் ஒரே நல்ல சீட்டை இது கிழித்துப்போடும். விதிவிலக்கை நிரூபிக்கும் பொறுப்பு குற்றம் சாட்டப்பட்டவருக்கு. சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்க வேண்டியதில்லை, நடந்திருக்கக்கூடியது அதுதான் என்று காட்டினால் போதும். ஆனால் ‘நான் அடிக்கவே இல்லை’ என்று ஒரு சாட்சியிடம் கேட்டுவிட்டு, அடுத்தவரிடம் ‘ஆத்திரத்தில் அடித்தேன்’ என்றால் எந்த நீதிபதி நம்புவார்? தவிர, இறந்தவர் இரண்டாம் நாள் கொடுத்த வாக்குமூலம் இருக்கிறது. போலீசிடம் கொடுத்ததுதானே என்று நினைக்காதீர்கள், அவர் இறந்துவிட்டதால் அது மரண வாக்குமூலமாகச் சாட்சியத்தில் வரும்.

‘குடிச்சிருந்தான்னு சொல்லு.’ தானாகக் குடித்தவருக்குச் சட்டம் சலுகை காட்டுவதில்லை. தெளிவாக இருந்தால் என்ன தெரிந்திருக்குமோ அது தெரியும் என்றே எடுத்துக்கொள்ளும். தம்பி குடிப்பதே இல்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள், பிறகு எதற்கு?

‘ஆஸ்பத்திரி மேல பழியைப் போடலாம்.’ தகுந்த சிகிச்சை கிடைத்திருந்தால் மரணத்தைத் தவிர்த்திருக்கலாம் என்ற நிலை இருந்தாலும் காயம் உண்டாக்கியவரே மரணத்தை விளைவித்தவர் என்று பிரிவு 100ன் விளக்கத்திலேயே இருக்கிறது. ஆறு நாள் கழித்து இறந்தார் என்பதாலும் குற்றம் தானாகக் குறையாது. 20 நாள் கழித்து நேர்ந்த மரணத்தில் 2023ல் உச்ச நீதிமன்றம் இதைத்தான் சொன்னது. ஆனாலும் சிகிச்சைக் குறிப்புகள் அத்தனையின் நகலையும் வாங்கி வையுங்கள். பழியை மாற்றுவதற்காக இல்லை. சேர்க்கும்போது நினைவு இருந்ததா, எலும்பு முறிவு எவ்வளவு, இடையில் கிருமித்தொற்று ஏதாவது வந்ததா என்பதையெல்லாம் வைத்து ‘சாவுக்குப் போதுமான காயம்’ என்ற அந்த ஒரு வரியை மருத்துவரின் குறுக்கு விசாரணையில் கேள்வி கேட்க முடியும்.

‘பெரியப்பா வீட்டோட பேசி ராஜி ஆயிடலாம்.’ கொலையோ பிரிவு 105ஓ சமரசத்தில் முடியும் குற்றங்கள் அல்ல. அவர்கள் மனம் மாறினாலும் வழக்கை நடத்துவது அரசு. அதோடு அங்கே சாட்சிகளும் இருக்கிறார்கள். நீங்கள் நல்ல மனதோடு போனாலும் சாட்சியை மிரட்டினீர்கள் என்று நாளை ஒரு புகார் வந்தால் ஜாமீன் போய்விடும். அந்த வீட்டில் இப்போது இரண்டு பிள்ளைகளோடு ஒரு பெண் உட்கார்ந்திருக்கிறார். ‘எங்களுக்குத்தான் அநியாயம்’ என்ற உங்கள் வரியைப் படித்தபோது எனக்கு அவர் ஞாபகம்தான் வந்தது. வருத்தம் சொல்ல நினைத்தால் சொல்லுங்கள், வழக்கைப் பற்றி ஒரு வார்த்தை வேண்டாம்.

ரூபாய் கொடுத்தால் பிரிவை மாற்றித் தருவதாகச் சொன்ன இடைத்தரகரைப் பற்றி: கொடுக்காதீர்கள். லஞ்சம் கொடுப்பதும் குற்றம்தான். அது போக, பிரிவை முடிவு செய்வது நீதிமன்றம். குற்றப்பத்திரிகையில் என்ன எண் இருந்தாலும் குற்றச்சாட்டு வனையும்போது, அதாவது எந்தக் குற்றத்துக்கு விசாரணை என்று நீதிமன்றம் பதியும்போது, நீதிபதி மாற்றலாம். கொலைக் குற்றச்சாட்டில் விசாரணை முடிந்த பிறகு பிரிவு 105ன் கீழ் தண்டிப்பதற்கும் தடை இல்லை, நடைமுறையில் பெரும்பாலும் அப்படித்தான் நடக்கிறது.

அப்பாவின் நிலை

இரண்டாம் குற்றவாளியாக அப்பாவைச் சேர்த்திருப்பது பிரிவு 3(5), பொது உள்நோக்கம். அடித்தது ஒருவர், பொறுப்பு இருவருக்கும். அங்கே இருந்தார் என்பது மட்டும் இதற்குப் போதாது. கையைப் பிடித்தார் என்பதற்கு இரண்டு அர்த்தம் சொல்லலாம்: அடிக்க வசதியாகப் பிடித்தார், அல்லது விலக்கப் பிடித்தார். வரப்பில் விழுந்து எழுந்த 63 வயது மனிதர், மகன் ஓடி வருவதைப் பார்த்தாரா, அவனுக்கு முதுகு காட்டி நின்றாரா, அப்போது வாயில் என்ன வந்தது? “விடுறா, விடுறா” என்று கத்தியதாகச் சொல்கிறீர்கள். அதைக் கேட்டவர் பக்கத்து வயல்காரர் என்றால் அந்த ஒருவர் உங்களுக்குப் பத்துச் சாட்சிக்குச் சமம். அவரிடம் நீங்கள் பேசாதீர்கள், பெயரை வழக்கறிஞரிடம் கொடுங்கள். என் கருத்தில் அப்பாவுக்கும் தம்பிக்கும் ஒரே வழக்கறிஞர் வேண்டாம். ஒருவருக்கு நல்லதான பதில் மற்றவருக்குக் கெடுதலாகும் தருணம் இந்த வழக்கில் கட்டாயம் வரும்.

இரண்டு வழக்கறிஞருக்குப் பணத்துக்கு எங்கே போவது என்று கேட்பீர்கள். காவலில் இருப்பவருக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவிலோ சிறையிலேயே உள்ள சட்ட உதவி மையத்திலோ அப்பா ஒரு மனு எழுதிக் கொடுத்தால் போதும். தொலைபேசியில் கேட்க 15100.

ஜாமீனுக்கு இப்போதே அமர்வு நீதிமன்றத்தில் மனு போடலாம். அப்பாவுக்கு வயதையும் சர்க்கரை நோய்ச் சீட்டுகளையும் வைத்துத் தனி மனுவாகப் போடுங்கள், தம்பியோடு சேர்த்துப் போட்டால் இரண்டும் சேர்ந்து தள்ளுபடியாகலாம். இன்னொன்றும் இருக்கிறது. கொலை வழக்கில் 90 நாளுக்குள் குற்றப்பத்திரிகை தாக்கலாகாவிட்டால் ஜாமீன் உரிமையாகிவிடும். ஆனால் அது தானாகக் கையில் வந்து விழாது, கேட்டு மனு போட வேண்டும். அதுவும் குற்றப்பத்திரிகை உள்ளே வருவதற்கு முன்னால். 91ம் நாள் காலையில் மனு தயாராக இல்லாமல் மதியம் குற்றப்பத்திரிகை வந்து, கைக்கு எட்டியது போனதை நான் பார்த்திருக்கிறேன். 47 நாள் என்று எழுதியிருக்கிறீர்கள், அது கைதான நாளிலிருந்தா, ரிமாண்ட் ஆன (மாஜிஸ்திரேட் காவலில் வைக்க உத்தரவிட்ட) நாளிலிருந்தா? கணக்கு ரிமாண்ட் நாளில் தொடங்கும், அந்த நாளும் சேர்த்தி. ரிமாண்ட் உத்தரவின் நகலை வாங்கி, தேதியைப் பார்த்து, காலண்டரில் வட்டம் போட்டு வையுங்கள். அதை வழக்கறிஞரின் குமாஸ்தாவிடமும் காட்டுங்கள்.